ஜவ்வாது என்று மரத்தில் வெட்டுவது எப்படி?

(ஜமுனாமரத்தூரில், மர எழுத்துப் பயிற்சி தொடங்குமுன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மரத்தில் கையால் எழுத்து வெட்டுவதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் ‘அலங்கார எழுத்து’ என்று போட்டிருக்கிறது. அந்த அலங்காரத்தோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. அதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கேள்வி. எழுத்தை ஏன் வெட்ட வேண்டும்? பெயிண்ட் அடித்தால் போதாதா? ஃபிளெக்ஸ் போட்டால் ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடுகிறதே, அது போதாதா? கையில் உளியை எடுத்துக்கொண்டு, குனிந்து உட்கார்ந்து, ஒரு எழுத்துக்கு அரைநாள் செலவழிக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்த ஜவ்வாது மலையின் அடிவாரத்துக்குப் போனால் போதும். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு நூல் இருக்கிறது. அதன் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். இந்த மலையில் பிறந்து ஓடும் செய்யாறு, அந்த நூலில் சேயாறு என்ற பெயரோடு வருகிறது. நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்குப் புலவர் வழி சொல்கிறார். எங்கே காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே பாறை வழுக்கும், எங்கே என்ன சோறு கிடைக்கும் என்று ஒன்று விடாமல் சொல்கிறார். அப்படிச் சொல்லிக்கொண்டே வரும்போது ஒரு சேதி. வழிப்போக்கர்கள் தாம் போகும் இடத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதற்காகக் கல்லிலே எழுதி, மரா மரத்தடியில் தெய்வமாக நிறுத்தி வைத்திருப்பார்கள் என்கிறார்.

கவனித்தீர்களா? அது பெயர்ப்பலகை! நெடுஞ்சாலைத் துறை வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால், இந்தப் பக்கத்துக் காட்டுப்பாதையில் வெட்டெழுத்தில் ஒரு பெயர்ப்பலகை. மழை பெய்தாலும் அழியக் கூடாது, வெயில் அடித்தாலும் வெளுக்கக் கூடாது, போகிறவன் நின்று படித்துவிட்டுப் போக வேண்டும். ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டோமே, அதற்கு அந்த வழிப்போக்கனே விடை.

இன்னொன்றும் சொல்கிறேன். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை தேடித் திரட்டியது. இரா. நாகசாமி அவர்கள் பதிப்பில் 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக அது வெளிவந்தது. பல்லவர் காலத்துக் கற்கள் அதில் ஏராளம். அவற்றில் ஒன்று எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்டது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். அந்தச் சேதியும் வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் எத்தனை பெருநிலக்கிழார்கள் இருந்திருப்பார்கள்! எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? ஓர் எருமைக்காரனின் பெயர் தெரிகிறது. அவனுடைய நாயின் பெயர் தெரிகிறது. ஏன்? யாரோ ஒருவர் உளியை எடுத்து வெட்டி வைத்தார், அதனால்.

சரி, கல்லுக்கு இவ்வளவு பெருமை இருக்கிறது. மரத்துக்கு என்ன இருக்கிறது? மரம் நிறைந்த மலை இது. சந்தனத்துக்குப் பேர்போன மலை. ஆனால் இந்த மலையின் சந்தனக் கட்டையில் அதிகமாகப் பதிந்த எழுத்து எது? வனத்துறையின் அடையாளச் சுத்தியல் குத்திய முத்திரையும், ஏலத்துக்காகப் போட்ட எண்ணும்தான். கட்டை இறங்கித் திருப்பத்தூர்க் கிடங்குக்குப் போனது. அங்கிருந்து எங்கெங்கோ போனது. கர்நாடகத்தில் சாகர், சொரப் பக்கத்துக் குடிகார் கைவினைஞர்கள் சந்தனத்தில் பூவேலை செய்து உலகமெல்லாம் பெயர் வாங்கினார்கள். குடிகார் என்பது அவர்களுடைய சமூகப் பெயர், யாரும் சிரிக்க வேண்டாம். மரம் வளர்ந்த மலையில் மரவேலை வளரவில்லை. இது எனக்கு வருத்தம். அந்த வருத்தத்தில்தான் இந்தப் பயிற்சியை இங்கே வைக்கலாம் என்றதும் உடனே சம்மதித்தேன்.

மரத்தில் தமிழ் எழுத்து வெட்டிய ஒருவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் பெயர் இஞ்ஞாசி ஆச்சாமணி. இக்னேசியஸ் ஐச்சமோனி என்றும் எழுதுகிறார்கள். இன்றைய கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம் அம்பழக்காடு என்று ஓர் ஊர். அங்கே ஏசு சபையார் நடத்திய அச்சகத்தில் 1679இல் ஒரு தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சாயிற்று. தொகுத்தவர் அந்தம் தெ புரோயென்சா என்ற பாதிரியார். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1666இல், இறந்துவிட்டார். அகராதி என்றால் சின்ன நூல் இல்லை, 16,000க்கும் மேற்பட்ட சொற்கள். அதற்கு வேண்டிய தமிழ் எழுத்துகளை மரத்தில் வெட்டிக் கொடுத்தவர் ஆச்சாமணி.

அச்செழுத்து எவ்வளவு பெரிது? சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அதையும் நேராக வெட்ட முடியாது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். எழுத்தைக் குழித்து வெட்டினாலும் ஆகாது. எழுத்து மேலே நிற்க, சுற்றியிருக்கும் மரத்தை எல்லாம் எடுத்துவிட வேண்டும். ‘ணை’, ‘னை’ போன்ற எழுத்துகளுக்கு அந்தக் காலத்துச் சுழி வடிவங்களை நினைத்துப் பாருங்கள்! அந்தச் சுழியை ஒரு நகத்தளவு மரத்தில் உடையாமல் நிறுத்துவது எப்படிப்பட்ட கை!

அந்த அகராதியின் ஒரே ஒரு படி வத்திக்கான் நூலகத்தில் தங்கியிருந்தது. 1954இல் தனிநாயகம் அடிகளார் அதைக் கண்டெடுத்தார். 1966இல் கோலாலம்பூரில் அப்படியே நகலெடுத்து வெளியிட்டார்கள். ஆச்சாமணி வெட்டிய மரத்துண்டுகள் போய்விட்டன. அவை காகிதத்தில் விட்டுச்சென்ற தடம் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், கை தெரியும்.

இனி வேலைக்கு வருவோம். நாம் இங்கே செய்யப்போவது ஆச்சாமணி செய்த புடைப்பு வேலை இல்லை. குழித்து வெட்டும் வேலை. எழுத்து பலகைக்குள் இறங்கும்.

எந்த மரம்? தேக்குதான் வேண்டும் என்று எல்லோரும் வருகிறார்கள். வேண்டாம் என்பேன். தேக்குக் கட்டைக்குள் நுண்ணிய மணற்சத்து இருக்கிறது. உளியின் வாயை அது சீக்கிரம் மழுக்கிவிடும். உளியைத் தீட்டத் தெரியாத கைக்குத் தேக்கு எதிரி. வேங்கையும் ஈட்டியும் அழகு, ஆனால் முரடு. கற்றுக்கொள்கிறவனுக்கு நல்லது குமிழ். அதைவிட நல்லது வெட்பாலை. சொறிக்கும் தோல் நோய்க்கும் எண்ணெய் காய்ச்ச இலை பறிக்கிறோமே, அதே வெட்பாலை. அதன் கட்டை வெள்ளையாக, நெருக்கமாக, யானைத் தந்தம் மாதிரி வழவழப்பாக இருக்கும். கர்நாடகத்துச் சன்னபட்டணாப் பொம்மைகள் கடைசல் பிடிப்பது இந்த மரத்தில்தான். அரும்பாவூரில் வாகை, மாவிலங்கை, மா, வேம்பு என்று பல மரத்தில் சிற்பம் செய்கிறார்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. அங்கேயும் மரத்தைப் பார்த்துத்தான் வேலை, விலையைப் பார்த்து இல்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: காட்டில் நிற்கிற மரத்தைத் தொட வேண்டாம். உங்கள் சொந்த நிலத்தில் விழுந்தது, அறுவை மில்லில் மிஞ்சிய துண்டு, பழைய வீட்டு நிலைச்சட்டம், இவை போதும்.

பச்சைக் கட்டையில் வெட்டாதீர்கள். கொரியாவில் ஹேயின்சா என்று ஒரு பௌத்த மடம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், மங்கோலியர் படையெடுப்பு நடந்த காலத்தில், புத்தரின் திருமறை முழுவதையும் மரப்பலகைகளில் வெட்டினார்கள். 80,000க்கும் மேற்பட்ட பலகைகள்! பலகைக்கு இரண்டு பக்கம்; பக்கத்துக்கு 23 வரி; வரிக்கு 14 எழுத்து. கட்டையை உப்புநீரில் ஊறவைத்து, வேகவைத்து, நிழலில் காயவைத்து, அதற்குப் பிறகுதான் உளி வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். பலகைகள் இன்றும் அந்த மடத்திலேயே இருக்கின்றன. அவசரப்படாதவர்கள் செய்த வேலை அது. நம்மவர்கள் பச்சைக் கட்டையில் வீட்டுப் பெயரை வெட்டி, கிரகப்பிரவேசத்தன்று மாட்டி, அடுத்த கோடையில் ‘முருகன் இல்லம்’ நடுவில் வெடித்து நிற்பதைப் பார்க்கிறார்கள்.

அடுத்தது வரைவது. உளியை எடுக்குமுன் எழுத்து பலகையில் இருக்க வேண்டும். ரோமாபுரியில் டிராஜன் தூண் என்று ஒன்று இருக்கிறது, கி.பி. 113இல் எழுந்தது. அதன் அடியில் வெட்டியிருக்கும் எழுத்துகள்தான் மேலை நாட்டில் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு வேதம். அதில் ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் சின்னதாக ஒரு பாதம் விரியும். அது உளி செய்த வேலை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். எட்வர்ட் கேடிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் வந்தார். பாதிரியார் ஆவதற்கு முன்னால் அவர் விளம்பரப் பலகை எழுதியவர்! அந்தக் கையால் எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இது தட்டைத் தூரிகை விட்ட தடம், தூரிகையால் எழுதிய பிறகுதான் உளி வைத்திருக்கிறார்கள். 1968இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். பேராசிரியர்கள் கண்ணுக்குப் படாதது ஒரு போர்டு பெயிண்டரின் கைக்குப் பட்டது. நம் ஊரில் சுவர் விளம்பரம் எழுதிய பெயிண்டர்கள் ஃபிளெக்ஸ் வந்ததும் வேலை இழந்து வீட்டில் இருக்கிறார்களே, அவர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால் தயவுசெய்து பிற்பகல் வாருங்கள். இந்தத் தொழிலில் பாதி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

கணினியில் ஓர் எழுத்துருவை அச்செடுத்து, கார்பன் தாள் வைத்துப் பலகைக்கு மாற்றக் கூடாதா? மாற்றலாம். ஆனால் அச்சுக்கு வரைந்த எழுத்து காகிதத்துக்காகப் பிறந்தது. காகிதத்துக்கு இழை கிடையாது. மரத்துக்கு உண்டு. இந்த உரையில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மரத்துக்கு இழை உண்டு. இழைக்கு ஓட்டம் உண்டு. ஓட்டத்துக்கு எதிராகப் போனால் சில்லு பெயரும்.

பெயர்ப்பலகையில் இழை பெரும்பாலும் கிடையாக ஓடும். அந்தப் பலகையில் ‘ட’ வெட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழைக்குக் குறுக்கே ஒரு கோடு, இழையின் நெடுக்கே ஒரு கோடு, இரண்டும் சந்திக்கும் மூலை. எளிது போலத் தெரிகிறதா? நெடுக்குக் கோட்டை முதலில் வெட்டினால், உளி இழையோடு சேர்ந்து ஓடி மூலையைத் தாண்டிப் போய்விடும். ஆகவே குறுக்குக் கோட்டை முதலில் வெட்டுங்கள். அது அணை. நெடுக்கே வரும் பிளவு அங்கே நின்றுவிடும். ‘ட’வில் கற்றது ‘ப’வில் உதவும், ‘ம’வில் உதவும், ‘ய’வில் உதவும்.

வெட்டுவது எப்படி? கோட்டின் நட்டநடுவில் உளியை நிமிர்த்தி வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு. பிறகு இந்தக் கரையிலிருந்து நடுவுக்கு ஒரு சரிவு, அந்தக் கரையிலிருந்து நடுவுக்கு ஒரு சரிவு. இரண்டு சரிவும் அடியில் ஒரு கூரான வாய்க்காலாகச் சேரும். ஆழம் கோட்டின் அகலத்தில் பாதி இருந்தால் கண்ணுக்கு நிறைவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தடித்த கோடு தானாகவே ஆழமாகிவிடும். மெல்லிய கோடு தானாகவே மேலேறிவிடும். நீங்கள் திட்டமிட வேண்டாம், சரிவின் சாய்வை மாற்றாமல் இருந்தால் போதும்.

வளைவுதான் தமிழுக்குச் சோதனை. ஒரு வட்டத்தை இந்த முறையில் வெட்டினால், சுற்றி வருவதற்குள் நான்கு இடங்களில் உளியின் திசையைத் திருப்ப வேண்டியிருக்கும். ஏனென்றால் வட்டம் திரும்பத் திரும்ப, இழைக்கும் உளிக்கும் உள்ள உறவு மாறிக்கொண்டே இருக்கிறது. உள்சரிவுக்கு ஒரு திசை சரி என்றால், அதே இடத்தில் வெளிச்சரிவுக்கு எதிர்த்திசைதான் சரி. எழுதும்போது கையெடுக்காமல் போடுகிற சுழி, வெட்டும்போது துண்டு துண்டாக வருகிறது. ஓலையில் எழுதியவர்களுக்கும் இழைத் தொல்லை இருந்தது. புள்ளி வைத்தால் எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் விட்டார்கள்; படிக்கிறவர்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்த மலையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது. நான்கே எழுத்து. ஆனால் என்ன மாதிரி நான்கு! முதல் எழுத்தே ‘ஜ’. சுழியும் வளைவும் மடிப்புமாக உடம்பெல்லாம் திருப்பம். கற்கிறவன் முதலில் தொட விரும்பாத எழுத்து, பலகையின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கடைசியில் வெட்டுங்கள். யார் கேட்கப்போகிறார்கள்? வாசிக்கும் வரிசையில்தான் வெட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை.

அடுத்து ‘வ்’, ‘வா’. ஒரே எழுத்து இரண்டு தடவை. இரண்டு ‘வ’வும் ஒன்று போல இருக்க வேண்டும், ஒன்று கொஞ்சம் கொழுத்துவிட்டாலும் கண் கண்டுபிடித்துவிடும். இரண்டுக்கும் இடது பக்கத்தில் ஒரு சுழி உண்டு. அந்தச் சுழிக்குள் சின்னத் தீவாக மரம் மிச்சமிருக்கும். அங்கே இழை ரொம்பக் குட்டை, பிடிமானம் கிடையாது. கொட்டாப்புளியால் தட்டினால் தீவு பறந்துவிடும். அங்கே தட்டக் கூடாது. உளியை இரண்டு கையாலும் பிடித்து, அழுத்தி மட்டும் எடுக்க வேண்டும். புள்ளிக்கு நகவுளியை நிமிர்த்தி வைத்து ஒரு சுழற்று. அழகாக ஒரு குழி விழும். சொல்லின் கடைசியில் ‘து’. கோட்டுக்குக் கீழே இறங்கிச் சுற்றி வருகிற எழுத்து. இறங்கும் இடத்துக்குப் பலகையில் முன்கூட்டியே இடம் விட்டிருக்கிறீர்களா? புதியவர்கள் பாதிப்பேர் விடுவதில்லை. மூன்று எழுத்து முடிந்த பிறகு ‘து’வின் கால் பலகைக்கு வெளியே தொங்குகிறது.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். அலங்காரம் என்றால் என்ன? எழுத்தைச் சுற்றிக் கொடி விடுவதா? இலை, மொட்டு, அன்னம், மயில் வைப்பதா? அரும்பாவூரிலோ கள்ளக்குறிச்சியிலோ பரம்பரையாகச் சிற்பம் செய்கிறவர்கள் மயில் வைத்தால் அது மயில். நாமும் அந்த மயிலை வைக்கப் போனால் என்ன ஆகும்? நான் சொல்ல விரும்பவில்லை. கே.எம். ஆதிமூலம் என்ற ஓவியர் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்து கொடுத்தார். அதில் கொடியும் இல்லை, பூவும் இல்லை. கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே திடீரென்று நிற்கிறது, அவ்வளவுதான். பார்த்த கண் நின்றுவிடும். மரத்திலும் அதுதான் அலங்காரம். உளி கொடுக்கும் தடிப்பு, உளி கொடுக்கும் நுனி, அடியில் ஓடும் கூரான அந்த வாய்க்கால். அதற்கு மேல் எது வைத்தாலும் அது பிழையை மறைக்க வைத்தது என்றே நான் சந்தேகப்படுவேன். இதை ஏற்காதவர்கள் உண்டு. இருக்கட்டும்.

அந்த வாய்க்கால் ஏன் அழகாக இருக்கிறது? வெளிச்சத்தால். ஒரு சரிவு வெளிச்சத்தை வாங்குகிறது, மற்றது நிழலில் நிற்கிறது. வெட்டிய எழுத்தில் வண்ணம் இல்லை, மை இல்லை. நாம் படிப்பது நிழலை. பக்கத்தில் காவலூர் இருக்கிறதே, வைணு பாப்பு வானாய்வகம், அங்கே போய்க் கேளுங்கள். நிலாவில் பள்ளங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பௌர்ணமியில் வராதே, அரைநிலாவில் வா என்பார்கள். பௌர்ணமியில் வெயில் நேராக விழுகிறது, நிழலே இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. அரைநிலாவில் வெயில் சாய்ந்து விழுகிறது, பள்ளம் பள்ளமாகத் தெரிகிறது. பலகைக்கும் அப்படித்தான். தலைக்கு நேர்மேலே குழல்விளக்கைப் போட்டுக்கொண்டு வெட்டாதீர்கள். விளக்கு பக்கத்திலிருந்து, சாய்ந்து வரட்டும். பலகை கேட்டவர் வீட்டுக்குப் போய், எந்தச் சுவரில் மாட்டப்போகிறார், வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று பார்த்துவிட்டு ஆழத்தை முடிவு செய்யுங்கள். திண்ணை நிழலில் மாட்டும் பலகைக்கு ஆழம் கூட வேண்டும். வெட்டி முடித்த பிறகு உப்புத்தாளைக் கொண்டுபோய் எழுத்துக்குள் தேய்க்காதீர்கள்! கரை மழுங்கிவிட்டால் நிழல் கலைந்துவிடும். பலகையை முதலிலேயே இழைப்புளியால் சீர்செய்துவிட வேண்டும்.

சி.என்.சி. இயந்திரம் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. அந்த இயந்திரம் கூரான வாய்க்காலும் வெட்டுகிறது, நன்றாகவே வெட்டுகிறது. அரசு அலுவலகத்துக்கு ஒரே மாதிரி இருநூறு பலகை வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். கையால் செய்யச் சொல்வது கொடுமை. ஆனால் இயந்திரத்துக்கு ஒவ்வொரு பலகையும் ஒன்றுதான். கணு இருந்தாலும் அதே வேகம், இழை திரும்பினாலும் அதே வழி. கையால் வெட்டுகிறவன் கணுவைப் பார்க்கிறான், ‘வா’வைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறான், கணு இரண்டு எழுத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரே ஒரு பலகை வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கோடைவிழாவுக்கு மலையேறி வருகிற கூட்டத்தைப் பாருங்கள். தேனும் சாமையும் வாங்கிப் போகிறார்கள். வெட்பாலைப் பலகையில் தன் குழந்தையின் பெயர் வெட்டிக் கேட்க அவர்களில் நாலுபேர் இருக்கமாட்டார்களா? இந்த மலையின் ஊர்களுக்கெல்லாம், அருவிக்குப் போகும் பாதைக்கெல்லாம், இந்த மலையின் பிள்ளைகள் வெட்டிய பலகை நிற்கக் கூடாதா? மலைபடுகடாம் பாடிய புலவருக்குக் கல்லில் கிடைத்தது நமக்கு மரத்தில் கிடைக்கட்டும்.

நான் பேச்சை நீட்டிவிட்டேன், சாப்பாடு ஆறுகிறது. இரண்டு செய்தி சொல்லி முடித்துக்கொள்கிறேன். பிற்பகலில் முதல் வேலை எழுத்து இல்லை, உளி தீட்டுவது. சாணைக்கல்லில் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, கை முடி சிரைக்கும் அளவுக்குப் பதம் வரும்வரை யாருக்கும் பலகை தரமாட்டேன். மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும், கூரான உளி இல்லை. மழுங்கியதைத்தான் அழுத்துகிறோம், அழுத்தியதுதான் வழுக்குகிறது. இரண்டு கையும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு வெட்டுகிற வேலையே கூடாது, கிளாம்ப் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது செய்தி. எல்லோரும் ‘ட’ வெட்டுவோம். தன் பெயரை வெட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நாளைக்கு வரட்டும். கொட்டாப்புளி போதுமான அளவு இல்லை. பட்டறைத் தோழர்கள் தங்களுடையதைக் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளைகள் சன்னல் ஓரத்து மேசைக்கு வாருங்கள், உங்களுக்கு விளக்கை மறுபக்கம் வைத்திருக்கிறேன்.